மைதானத்திலிருந்து வரலாற்று வகுப்புக்கு

உதைபந்தாட்டம் பற்றி நமது பக்கங்களில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று சகோதரிகள் சிலர் நினைக்கக்கூடும். பல வீடுகளில் அந்தப் பந்து மகனின் பாடப் புத்தகத்துக்கு எதிரியாகவே பார்க்கப்படுகிறது. நான் சொல்லப்போவதோ, பந்தை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்த ஒரு மனிதரைப் பற்றி. ஒன்பது வயதில் அவர் தன் தாயிடம் கேட்ட ஒரு கேள்வியே அதற்குக் காரணம். ஆதலால் இது தாய்மார் வாசிக்க வேண்டிய விடயம்தான்.

அவர் பெயர் லிலியான் துராம். 1972ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி, கரீபியன் கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான குவாதலூப் தீவில் பிறந்தார். தாயார் மரியானா ஐந்து பிள்ளைகளைத் தனித்து வளர்த்தவர். கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தார். பிறர் வீடுகளையும் துப்புரவு செய்தார். அது போதாமற் போகவே, பிள்ளைகளைத் தீவில் விட்டுவிட்டுப் பாரிஸுக்குப் பயணமானார். ஒரு வருடத்துக்குப் பிறகே, 1981இல், பிள்ளைகளைத் தன்னிடம் அழைத்துக்கொள்ள அவரால் முடிந்தது.

பாரிஸ் பாடசாலையில் அந்தப் பையனுக்கு ஒரு பட்டப்பெயர் காத்திருந்தது. அந்நாட்களில் தொலைக்காட்சியில் சிறுவர் சித்திரமொன்று காட்டப்பட்டு வந்தது. அதில் இரண்டு பசுக்கள். வெள்ளைப் பசு புத்திசாலி. கறுப்புப் பசு மடச்சி. அதன் பெயர் நுவாரோட். வகுப்புப் பிள்ளைகள் இவரையும் 'நுவாரோட்' என்றே கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்து, ஏன் என்னை இப்படி அழைக்கிறார்கள் என்று தாயிடம் கேட்டார். உலகம் அப்படித்தான் மகனே, மனிதர்கள் நிறம் பார்ப்பவர்கள், அது மாறப்போவதில்லை என்ற கருத்திலேயே தாயின் பதில் இருந்தது.

அந்தத் தாயை நான் குறை சொல்லமாட்டேன். விடியுமுன் எழுந்து பிறர் வீட்டுத் தரையைத் துடைத்துவிட்டு வந்த ஒரு பெண்ணிடம் வேறு என்ன பதில் இருக்கும்? ஆனால் அந்தப் பதில் தன்னைத் திருப்திப்படுத்தவில்லை என்று துராம் வளர்ந்த பின்னர் பல தடவை சொல்லியிருக்கிறார். தன் தோலின் நிறத்தை ஏன் இழிவாகக் காண்கிறார்கள் என்ற வினா அவருக்குள்ளேயே தங்கிவிட்டது.

விளையாட்டு வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1991இல் மொனாக்கோ கழகத்தில் தொடங்கி இத்தாலியின் பார்மா, யுவென்டஸ், பின்னர் ஸ்பெயினின் பார்சலோனா என்று ஆடினார். பிரான்ஸ் தேசிய அணிக்காக 142 போட்டிகள். 2022இல் ஹியூகோ லோரிஸ் முந்தும்வரை அந்நாட்டு ஆண்கள் அணியில் அதுவே சாதனை. பின்வரிசையில் நின்று தடுப்பதே அவரது வேலை. 142 போட்டிகளிலும் அவர் அடித்த கோல்கள் இரண்டேதான். அந்த இரண்டையும் ஒரே நாளில் அடித்தார்: 1998 ஜூலை 8, உலகக் கிண்ண அரையிறுதி, குரோஷியாவுக்கு எதிராக. முதல் கோலைக் குரோஷியா போட்டுவிட்ட நிலையில் ஆட்டத்தைப் புரட்டிப்போட்ட கோல்கள் அவை. நான்கு நாட்களில் பிரான்ஸ் உலகக் கிண்ணத்தை வென்றது.

அல்ஜீரியப் பெற்றோரின் மகன் ஸிதான், செனகலில் பிறந்த வியெரா, பசிபிக் தீவான நியூ கலடோனியாவில் பிறந்த கரம்பூ எனப் பல நிறத்தவர் அந்த அணியில் இருந்தார்கள். வென்ற நாளில் எல்லோரும் பிரெஞ்சுக்காரர்கள். தோற்றால் மட்டும் பூர்வீகம் விசாரிக்கப்படும்!

2005இல் பாரிஸ் புறநகர் இளைஞர்களை உள்துறை அமைச்சர் சார்கோஸி இழிசொல்லால் குறிப்பிட்டபோது, நானும் அந்தப் புறநகர்களில் வளர்ந்தவன்தான் என்று துராம் பகிரங்கமாகப் பதில் கொடுத்தார். மறுவருடம் காஷான் என்னுமிடத்தில் கட்டடமொன்றிலிருந்து வெளியேற்றப்பட்ட குடியேறிகளுக்கு, அவரும் வியெராவும் பிரான்ஸ்-இத்தாலி ஆட்டத்துக்கு நுழைவுச் சீட்டு வாங்கிக் கொடுத்து அழைத்தார்கள். வீடிழந்து நின்ற குடும்பங்கள் தேசிய அணியின் விருந்தாளிகளாக வந்து அமர்ந்தன.

2008இல் வைத்தியப் பரிசோதனையில் இருதயத்தில் குறையொன்று தெரியவரவே ஆட்டத்தை நிறுத்தினார். பயிற்றுவிப்பாளராகப் போகலாம், தொலைக்காட்சியில் விமர்சனம் சொல்லலாம். ஓய்வு பெற்றவர்களுக்கு வழமையாகத் திறக்கும் வாசல்கள் அவை. அவரோ அதே ஆண்டில் இனவாதத்துக்கு எதிரான கல்விக்காகத் தன் பெயரில் ஒரு மன்றம் அமைத்து, வரலாற்றாசிரியர்களோடு உட்கார்ந்தார்.

பாடசாலையில் கறுப்பு மனிதரைப் பற்றி அவர் முதன்முதலாகக் கற்றது அடிமை முறை என்ற பாடத்தில்தானாம். அவருடைய சொந்தத் தீவிலேயே 1794இல் ஒழிக்கப்பட்ட அடிமை முறையை 1802இல் நெப்போலியன் திரும்பவும் கொண்டுவந்தான். 1848இல்தான் அது முற்றாக ஒழிந்தது. ஆனால் சங்கிலியோடு மட்டுமே தன் மூதாதையரைக் காணும் பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைக்கும்? அந்தக் குறையைத் தீர்க்கவே 2010இல் 'எனது கறுப்பு நட்சத்திரங்கள்' என்ற பொருள்படும் நூலை வெளியிட்டார். எத்தியோப்பியாவில் எலும்பு எச்சமாகக் கிடைத்த 'லூசி' முதல் ஒபாமா வரை பலருடைய வரலாறு அதில் உண்டு. ஆபிரிக்கக் கொள்ளுப்பாட்டனைக் கொண்ட ரஷ்யக் கவிஞர் புஷ்கின், பஸ்ஸில் ஆசனத்தை விட்டெழ மறுத்த ரோஸா பார்க்ஸ், குத்துச்சண்டை வீரர் முஹம்மத் அலி ஆகியோரும் இருக்கிறார்கள்.

அடுத்து அவர் செய்ததுதான் என் மனதில் ஆழமாகப் பதிந்தது. 2011 நவம்பரில் பாரிஸின் கே பிரான்லி நூதனசாலையில் ஒரு கண்காட்சி ஆரம்பமானது. அதற்குத் தலைமை தாங்கியவர் துராம். வரலாற்றாசிரியர் பஸ்கால் பிளான்ஷார் போன்றோர் துணை நின்றார்கள். மனிதரை மனிதர் கூண்டிலும் வேலிக்குள்ளும் வைத்துக் காசுக்குக் காட்டிய வரலாறே அதன் பொருள். ஆம் சகோதரிகளே, மிருகக்காட்சிசாலைபோல் மனிதக் காட்சிசாலைகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தன. அவ்வாறு காட்டப்பட்டவர்கள் சுமார் 35,000 பேர் என்று கணித்திருக்கிறார்கள்.

தென்னாபிரிக்காவிலிருந்து 1810இல் லண்டனுக்குக் கொண்டுவரப்பட்ட ஸாரா பார்ட்மன் என்ற பெண்ணின் கதையைக் கேளுங்கள். அவளது உடலமைப்பைக் காட்டிக் காசு வாங்கினார்கள். 1815இல் பாரிஸில் இறந்தாள். இறந்த பின்னும் விடவில்லை. எலும்புக்கூடும் உடலின் அச்சுவார்ப்பும் 1970கள் வரை பாரிஸ் நூதனசாலையில் பார்வைக்கு இருந்தன. 2002இல்தான் அவளுடைய எச்சங்கள் தாய்நாட்டுக்கு வந்து மண்ணுக்குள் போயின.

இதில் நமக்கும் பங்குண்டு. 1883இல் பாரிஸின் ஜார்தன் தாக்ளிமாத்தசியோன் பூங்காவில் நம் நாட்டுச் சிங்களவர்களை யானைகளோடு சேர்த்துக் காட்டினார்கள். மிருக வியாபாரியான ஜேர்மனிய ஹாகன்பெக் ஏற்பாடு செய்த கூட்டம் அது. நுழைவுச் சீட்டு வாங்கிய சீமான்களும் சீமாட்டிகளும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனார்கள்.

அதே பூங்காவில் 1931இல் நியூ கலடோனியாவின் கனாக் மக்கள் மனிதமாமிசம் தின்பவர்களாகக் காட்டப்பட்டார்கள். அவர்களுள் சிலர் ஜேர்மனிக்கு முதலைகளுக்குப் பதிலாக அனுப்பப்பட்டார்கள். அக்கூட்டத்தில் இருந்த ஒருவர், 1998இல் துராமோடு சேர்ந்து உலகக் கிண்ணம் வென்றாரே அந்தக் கரம்பூவின் கொள்ளுப்பாட்டனார். பிரான்ஸின் தேசிய கீதம் ஒலிக்கையில் கரம்பூ வாய் திறவாமல் நின்றதற்குக் காரணமும் இதுவே.

வேலிக்கு வெளியே நின்று பார்த்த பிள்ளைகளை நினையுங்கள். ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை, தாய் தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருப்பவர்கள் தங்களிலும் குறைந்தவர்கள் என்று அவர்கள் கற்றுக்கொண்டார்கள். துராம் ஓயாமல் சொல்வது இதைத்தான்: இனவாதத்தோடு எவரும் பிறப்பதில்லை, அது கற்பிக்கப்படுகிறது. 'மாறப்போவதில்லை' என்ற பதிலுக்கு அவர் தேடிக் கண்டெடுத்த மறுமொழி அதுவே.

அவருடைய எல்லாப் பேச்சையும் நான் ஏற்கிறேனென்று எண்ணவேண்டாம். 2020இல் வெளியான 'வெள்ளைச் சிந்தனை' என்ற நூலும், அதற்கு முந்திய வருடம் வெள்ளையரைப் பற்றிப் பொதுப்படையாகச் சொன்ன வார்த்தைகளும் பலத்த சர்ச்சையைக் கிளப்பின. ஒரு கூட்டத்தாரை மொத்தமாகச் சுட்டும் பேச்சு எதிராளிக்கு வசதியாகிவிடும். ஸ்டொக்ஹோம் பல்கலைக்கழகம் 2017இல் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. ஆனால் அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். அவரது வகுப்பு சிறு பிள்ளைகளின் பாடசாலையில்தான் கூடுகிறது.

அங்கே போய் முதலில் ஒரு கேள்வி கேட்பார்: மனிதரில் எத்தனை இனம் உண்டு? வெள்ளை, கறுப்பு, மஞ்சள் என்று பிள்ளைகள் எண்ணத் தொடங்குவார்கள். கறுப்பர் எதில் கெட்டிக்காரர்? ஓட்டத்தில், என்று பதில் வரும். புத்திசாலித்தனம் என்று ஏன் எவரும் சொல்வதில்லை என்பதிலிருந்தே அவருடைய பாடம் ஆரம்பமாகும். நம் வீடுகளில் பெண் பார்க்கப் போய்வந்தவர்களிடம் முதலில் கேட்கப்படுவது நிறம்தானே. அந்தப் பேச்சு நடக்கும்போது விறாந்தையில் எந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்ததுண்டா?

துராமுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவருக்கு, கறுப்பு மக்களின் உரிமைக்காகப் போராடிய ஜமெய்க்காவின் மார்கஸ் கார்வேயின் நினைவாக மார்கஸ் என்று பெயரிட்டார். இளையவருக்கு, ஆபிரிக்க மண்ணில் பிரமிட் கட்டிய எகிப்திய மன்னனின் பெயர், கெஃப்ரன். இருவரும் தகப்பனைப் போலவே பிரான்ஸ் அணிக்கு ஆடியிருக்கிறார்கள்.