பட்டம் ஒட்டிய தந்தை

பிள்ளைகளோடு ஒன்றாக அமர்ந்து பார்க்கத்தக்க படம் அரிதாகிவிட்டது என்று குறைபடாத பெற்றோர் இல்லை. அத்தகைய அரிய படங்களுள் ஒன்று, வால்ட் டிஸ்னி தயாரித்து 1964-இல் வெளிவந்த ‘மேரி பாப்பின்ஸ்’.

கதை 1910-ஆம் ஆண்டு லண்டனில் நிகழ்கிறது. வங்கி அலுவலர் பேங்க்ஸின் இரு மக்களை வளர்க்க எந்தச் செவிலித்தாயும் நிலைப்பதில்லை. குடை பிடித்து வானிலிருந்து இறங்கி வருகிறாள் மேரி. நடைபாதையில் சுண்ணக்கட்டியால் தீட்டிய ஓவியத்துக்குள் பிள்ளைகளோடு குதிக்கிறாள். அங்கே மனிதர்கள் மெய். மற்றவை யாவும் கார்ட்டூன் சித்திரங்கள்.

பென்குயின்களோடு டிக் வான் டைக் ஆடும் ஆட்டத்தைக் கண்டு வியக்கிறோம். உண்மையில் அவர் ஆடியது வெற்றிடத்தோடுதான். பறவைகள் பின்னர் வரையப்பெற்றவை. நடிகர்களின் பின்னிருந்த திரை சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியில் நனைந்திருந்தது. ஒளிப்பதிவுக் கருவியிலிருந்த பட்டகம் அம்மஞ்சளை மட்டும் பிரித்து வேறொரு சுருளில் பதித்தது. ஆகவே நடிகரின் உருவத்தைப் பிசிறின்றிப் பிரித்தெடுத்துச் சித்திரத்தில் பொருத்த முடிந்தது. கணிப்பொறி புகாத காலத்து வேலை இது!

ஆனால் மூல நூலாசிரியை டிராவர்ஸ் அம்மையாருக்கு இச்சித்திரங்களே பிடிக்கவில்லை. முதற் காட்சியில் கண்ணீர் வடித்த அவர், அவற்றை நீக்கும்படி கேட்டார். டிஸ்னி இணங்கவில்லை. படம் 5 ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. அம்மையாரின் மனக்குறையோ தீரவில்லை. நூலில் வரும் கடுகடுத்த மேரியைப் படம் இனிப்பாக்கிவிட்டது என்பது மெய்தான்.

எனினும் என் உள்ளத்தில் நின்றது சித்திரம் அன்று, தந்தையே. மகனிடமிருந்த 2 பென்ஸ் காசை வங்கி முதல்வர் பறிக்கிறார். ‘என் காசைத் தா’ என்று சிறுவன் கதற, கேட்டவர்கள் அஞ்சித் தம் பணத்தைத் திரும்பக் கேட்கின்றனர். பேங்க்ஸின் வேலை பறிபோகிறது. மக்களுக்கென ஒரு நாழிகையும் ஒதுக்காத அம்மனிதர், அவர்களது கிழிந்த பட்டத்தைத் தாமே ஒட்டி எடுத்து வருகிறார். டிராவர்ஸின் தந்தையும் வங்கியில் பணியாற்றியவரே. மகளின் ஏழாம் வயதில் மறைந்துவிட்டார். அம்மையாரின் கண்ணீருக்குச் சித்திரங்கள் மட்டுமா காரணம்?

பெற்றோர் அறிய ஒரு செய்தி: ஆப்பிரிக்க மக்களை இழிவுபடுத்தும் பழஞ்சொல் ஒன்று இடம்பெறுவதால், பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் 2024-இல் இதனைப் பெற்றோர் வழிகாட்டலுக்குரிய படமாக மாற்றியது.

இறுதியில் தந்தையும் மக்களும் பட்டம் விட விரைகின்றனர். குடையை விரித்து மேரி புறப்படுகிறாள். பிள்ளைகள் திரும்பிப் பார்க்கவில்லை.