பெரும்பெட்டிக் கடை மறுபயன்பாடு

பெரும்பெட்டிக் கடை மறுபயன்பாடு என்பது, ஒரு நிறுவனம் கைவிட்டுச் சென்ற மிகப்பெரிய ஒற்றைத் தளக் கடைக் கட்டிடத்தை இடிக்காமல், பல கடைகள் கொண்ட வணிக வளாகமாகவோ, நூலகம், பள்ளி, அருங்காட்சியகம் போன்ற பொது இடமாகவோ மாற்றியமைப்பதைக் குறிக்கும். பெட்டி போன்ற உருவம் உடையதால் இக்கடைகள் ஐக்கிய அமெரிக்காவில் "பிக் பாக்ஸ்" என அழைக்கப்படுகின்றன. கட்டிடத்தை மாற்றுவது பெரும்பாலும் எளிது. அதைச் சூழ்ந்த தார்த்தரையும், நிலப் பத்திரத்தில் எழுதப்பட்ட நிபந்தனைகளுமே கடினமானவை.

கடைகள் கைவிடப்படுவதன் காரணம்

வால்மார்ட், டார்கெட், கேமார்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் தத்தம் பெயரிலான முதற் கடையை 1962 ஆம் ஆண்டிலேயே திறந்தன. பின்னர் கேமார்ட் 2002 இல் திவால் பாதுகாப்புக் கோரியது. சர்க்கியூட் சிட்டி 2009 இலும், டாய்ஸ் ஆர் அஸ் 2018 இலும் தம் அமெரிக்கக் கடைகளை மூடின. ஆயினும் நட்டம் மட்டுமே காரணம் அன்று. மளிகையும் சேர்த்து விற்கும் சூப்பர்சென்டர் என்னும் பெரிய கடைகளை வால்மார்ட் 1988 இல் தொடங்கியது. அதன்பின், நன்கு வணிகம் நடந்த பழைய கடைகள் பல மூடப்பட்டு, அதே ஊரில் சற்றுத் தொலைவில் புதியவை எழுந்தன. கென்டக்கி மாநிலத்தின் பார்ட்ஸ்டவுன் இவ்வாறான ஊர்களுள் ஒன்று. அங்கு வளர்ந்த கலைஞர் ஜூலியா கிறிஸ்டென்சன், நாடெங்கும் இத்தகைய கட்டிடங்களைப் பார்த்து எழுதிய நூல் 2008 இல் வெளிவந்தது.

கட்டிடம்

எஃகுத் தூண்கள், அவற்றின் மேல் இலேசான எஃகுச் சட்டங்கள், தகட்டுக் கூரை, சன்னலற்ற சுவர்கள் என்பதே பொதுவான அமைப்பு. உட்சுவர்கள் மிகக் குறைவு என்பதால் உள்ளே எதையும் அமைக்கலாம். ஆனால் ஆழம் ஒரு சிக்கல். ஒரு இலட்சம் சதுர அடிக் கடை ஏறத்தாழச் சதுரமாக இருப்பின், அதன் ஒரு பக்கம் 300 அடிக்கு மேல் இருக்கும். அதை முகப்பிலிருந்து பின்சுவர் வரை நீளவாக்கில் பிரித்தால், ஒவ்வொரு சிறு கடையும் சுரங்கப்பாதை போலாகிவிடும். எனவே சிறு கடைகளை முன்புறத்திலும், கிடங்கு, உடற்பயிற்சிக் கூடம் போன்றவற்றைப் பின்புறத்திலும் வைப்பர், அல்லது நடுவே கூரையை அகற்றி ஒரு நடைத்தெருவைத் திறப்பர். பிரித்தபின் ஒவ்வொரு கடைக்கும் தனி மின்னளவி, தனி அவசர வாயில், தீத்தடுப்புச் சுவர் முதலியன தேவைப்படும். கூரையில் சூரிய மின்தகடுகளைப் பொருத்துமுன் சட்டங்களின் தாங்குதிறனைச் சோதிப்பது இன்றியமையாதது, ஏனெனில் கூடுதல் எடையை எதிர்பார்த்து இவை கட்டப்படுவதில்லை.

இடித்துவிட்டுச் சிக்கனமான புதுக் கட்டிடம் எழுப்புவதே சூழலுக்கு நல்லது என்ற கருத்தும் உண்டு. அமெரிக்க வரலாற்றுப் பாதுகாப்புத் தேசிய அறக்கட்டளை 2011 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறானது. வழமையான பழைய கட்டிடத்தைவிட 30 விழுக்காடு சிக்கனமான புதுக் கட்டிடமும், தன்னைக் கட்டியதால் விளைந்த காலநிலைப் பாதிப்பை ஈடுசெய்ய 10 முதல் 80 ஆண்டுகள் ஆகும் என அது கணக்கிட்டது.

வாகனத் தரிப்பிடம்

ஆயிரம் சதுர அடிக் கடைக்கு நான்கு அல்லது ஐந்து வாகன இடங்கள் என்பது பல ஊர்களின் பழைய விதி. வழித்தடத்தையும் சேர்த்து ஓர் இடத்துக்கு 300 சதுர அடி எனக் கொண்டால், ஒரு இலட்சம் சதுர அடிக் கடைக்கு 1,20,000 முதல் 1,50,000 சதுர அடித் தரிப்பிடம் வேண்டும். அதாவது கடையைவிடத் தரிப்பிடமே பெரிது. இங்கு விழும் மழைநீர் மண்ணில் இறங்காமல் எண்ணெய்க் கழிவுடன் வடிகாலுக்கு ஓடுகிறது. நீர் இறங்கும் தளம், மரங்கள், வடிநீர்ப் பள்ளங்கள் ஆகியவற்றுக்கு ஒரு பகுதியை ஒதுக்கி, சாலையோரத்தில் சிறு கடைகளைக் கட்டுவதே தற்போதைய வழக்கம். விதியைத் தளர்த்த நகராட்சி இசையாவிடின் இவற்றில் எதுவும் நடவாது.

எடுத்துக்காட்டுகள்

டெக்சாசு மாநிலத்தின் மெக்காலன் நகரப் பொது நூலகம் மிகவும் அறியப்பட்டது. சுமார் 1,24,000 சதுர அடி கொண்ட பழைய வால்மார்ட் கட்டிடத்தில் 2011 டிசம்பரில் இது திறக்கப்பட்டது. வடிவமைப்பாளர்கள் பழைய உட்கூரையை அகற்றி, உட்புறம் முழுவதற்கும் வெள்ளை பூசினர். பின்னர் நீளவாக்கில் ஒரு மரப்பட்டையை மேற்கூரையில் ஓடவிட்டு, வருவோர் திசை அறியச் செய்தனர். 2012 இல் நூலக உள்வடிவமைப்புக்கான விருது கிடைத்தது. மிசூரி மாநிலத்தின் லெபனான் நகரில் முன்னாள் கேமார்ட் ஒன்றில் நூலகமும், 66 ஆம் எண் நெடுஞ்சாலை அருங்காட்சியகமும் இயங்குகின்றன.

எல்லா மாற்றமும் இத்தகையன அல்ல. மெக்காலனுக்கு அருகிலுள்ள பிரவுன்சுவில் நகரில் மற்றொரு வால்மார்ட் கட்டிடம், குடிவரவுச் சிறுவர்களைத் தங்கவைக்கும் இடமாக 2017 இல் மாற்றப்பட்டது. 2018 இல் அங்கு ஏறத்தாழ 1,500 சிறுவர்கள் இருந்தனர்.

பத்திர நிபந்தனைகளும் வரியும்

கடையை விற்கும் நிறுவனம், அவ்விடத்தில் தனக்குப் போட்டியான வணிகம் நடத்தக்கூடாது எனப் பத்திரத்தில் எழுதிவிடுவது உண்டு. அத்தகைய கட்டிடத்தில் கடை வைக்கப் பலரால் இயலாது. ஆகவே விலை குறையும், கட்டிடமும் ஆண்டுக்கணக்கில் வெறுமையாகக் கிடக்கும். நூலகங்களும் பள்ளிகளும் இக்கட்டிடங்களில் அமைவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இந்தக் குறைந்த விலை வேறொரு பயனையும் தருகிறது. வணிகம் நடக்கும் தம் கடைகளையும் வெறுமையான கடைகளின் விற்பனை விலையை ஒட்டியே மதிப்பிட வேண்டும் என நிறுவனங்கள் வாதிட்டு, சொத்து வரியைக் குறைத்துள்ளன. இவ்வாதம் "இருண்ட கடை" வாதம் எனப்படும். மிச்சிகனின் எஸ்கனாபா நகரில் மெனார்ட்ஸ் நிறுவனத்தின் கடைக்கு வரித் தீர்ப்பாயம் இவ்வாறு மதிப்பைக் குறைத்தது. பள்ளிகளும் தீயணைப்புத் துறையும் நம்பியிருக்கும் வருவாய் இது என்பதால் நகரம் மேல்முறையீடு செய்தது. பத்திர நிபந்தனைகளால் விலை குறைந்த கட்டிடங்களை, அந்நிபந்தனைகளின் விளைவைக் கணக்கில் கொள்ளாமல் ஒப்பிட்டது தவறு என மிச்சிகன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016 இல் தீர்ப்பளித்து, வழக்கைத் தீர்ப்பாயத்துக்கே திருப்பி அனுப்பியது.