போதுமென்ற மனம்

போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்பர். ஊரார் திருமணங்களுக்குக் காஞ்சிப் பட்டு நெய்யும் என் தந்தை, நாலு முழ வேட்டியோடு காலந்தள்ளுவதைக் கண்டு, இதுவே மனநிறைவு என்று எண்ணியிருந்தேன். கிறிஸ்தவ மருத்துவர் இருவரின் வரலாற்றைப் படித்த பின்னரே வேறுபாடு விளங்கிற்று.

1921ஆம் ஆண்டு, அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்துத் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவியவர்கள் டாக்டர் ஜேசுதாசனும், ஸ்காட்லாந்து நாட்டு டாக்டர் பாரஸ்டர் பேட்டனும் ஆவர். பேட்டன் நூல் ஆலை நடத்திய செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். அவரோ கதர் உடுத்தார். சைவ உணவு உண்டார். சம்பளமின்றி ஏழை நோயாளிகளுக்குத் தொண்டாற்றினார். மக்கள் இருவரையும் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தனர். அந்த எளிய ஆடைக்குப் பேட்டன் விலையும் கொடுத்தார். 1932இல் சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியலின்போது, கதரணிந்து அங்கிருந்த அவர் போலீசாரின் தடியடிக்கு ஆளானார்.

மனநிறைவைத் தாம் கற்றுக்கொண்டதாகவே தூய பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் கூறுகிறார். ஆம், அது கற்றுப் பெறுவது. பிறர் நம்மேல் சுமத்துவதன்று. பேட்டனின் எளிமை அவரே தேர்ந்துகொண்டது. எங்கள் வீட்டு இல்லாமையோ தானே வந்தது. ஆகவே நெசவாளி நியாயமான கூலி கேட்பது பேராசையாகாது.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறப்போகிறவன் நான். நாளை கைநிறையச் சம்பளம் வரும்போது, எதை வேண்டாமென்று சொல்வேன்? எனக்குரிய உண்மையான தேர்வு அன்றுதான் தொடங்கும்.