'இன்ஃப்ளேமபிள்' எரியுமா, எரியாதா?

பெட்ரோல் ஏற்றிச் செல்லும் டாங்கர் லாரியின் பின்புறத்தில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இன்னொரு பீப்பாயில் 'ஃப்ளேமபிள்' என்று மட்டும் இருக்கும். இவற்றுள் எது தீப்பற்றும்?

இரண்டுமே தீப்பற்றும்! பொருளில் இம்மியும் வேறுபாடில்லை.

நீங்கள் குழம்பியிருந்தால் அது உங்கள் குற்றமன்று. 'கரெக்ட்' என்றால் சரி; 'இன்கரெக்ட்' என்றால் தவறு. 'விசிபிள்' என்றால் கண்ணுக்குத் தெரிவது. 'இன்விசிபிள்' என்றால் தெரியாதது. இப்படித்தானே பள்ளியில் படித்தோம்? அந்தக் கணக்கில் 'இன்ஃப்ளேமபிள்' தீப்பற்றாதது என்றாகிவிடுகிறது.

ஆனால் லத்தீன் மொழியில் 'இன்' என்னும் முன்னொட்டு இரண்டு உண்டு. ஒன்று 'இல்லை' என மறுப்பது. மற்றது 'உள்ளே' எனப் பொருள்படுவது. 'ஃப்ளாமா' என்றால் சுடர். ஒரு பொருளைச் சுடருக்குள்ளாக்குவது, அதாவது கொளுத்துவது, 'இன்ஃப்ளாமாரே'. இதிலிருந்து வந்ததே நம் சொல். உடலில் ஓரிடம் சிவந்து வீங்கி எரிவதை மருத்துவர்கள் 'இன்ஃப்ளமேஷன்' என்பதும் இந்த வேரிலிருந்துதான். 1766இல் ஹைட்ரஜனை ஆராய்ந்து எழுதிய ஹென்றி காவெண்டிஷ், அதை 'இன்ஃப்ளேமபிள் ஏர்' என்றே அழைத்தார். எரியும் காற்று என்பது அதன் பொருள்.

ஆகவே சொல் வரலாற்றின்படி பழைய சொல்லில் பிழையில்லை. ஆனால் எச்சரிக்கையைப் படிப்பவர்கள் எல்லாரும் லத்தீன் கற்றவர்களா, என்ன? பெட்ரோலோ சுழிக்குக் கீழே சுமார் 40 டிகிரி சென்டிகிரேடு குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிடுவது. நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். 'எரியாதது' என்று எண்ணி ஒருவர் பக்கத்தில் நின்று பீடி பற்ற வைத்தால், அகராதியைப் புரட்ட நேரம் இராது.

இதனால்தான் 1920களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 'ஃப்ளேமபிள்' என்றே எழுதும்படி வற்புறுத்தியது. 1959இல் பிரிட்டிஷ் தர நிர்ணய நிறுவனமும் அதையே பரிந்துரைத்தது. எரியாத பொருளுக்கு 'நான்-ஃப்ளேமபிள்' என்று எழுதினால் ஐயத்துக்கே இடமில்லை. சொல்லழகு பார்ப்பவர்களுக்கு இந்த மாற்றம் பிடிக்காமல் போகலாம். எனக்கு இது மிகவும் சரியாகவே படுகிறது.

எனினும் பழைய சொல் நம் சாலைகளில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஈதர், அசிட்டோன், ஆல்கஹால் புட்டிகளை எடுக்கும்போது சீட்டைப் பாருங்கள். 'இன்' இருந்தாலும் இல்லாவிட்டாலும், சாய்சதுரத்துக்குள் சுடர் வரைந்திருந்தால் முதலில் பக்கத்திலுள்ள பன்சன் அடுப்பை அணைத்துவிடுங்கள்.