சட்டைப்பையில் கிடக்கும் நாணயம்

மனிதனுடைய கைக்குச் சும்மா இருப்பது ஒரு தண்டனை. வாய் மௌனமாக இருக்கும்போதும், மனம் வேறெங்கோ சஞ்சரிக்கும்போதும், விரல்கள் எதையேனும் தேடிக்கொண்டே இருக்கின்றன. நம் முன்னோர் உருத்திராட்ச மணியை உருட்டினார்கள். முஸ்லிம் சகோதரர்கள் தஸ்பீஹ் மணியை உருட்டுகிறார்கள். கிரேக்க தேசத்தார் காப்பிக் கடையில் அமர்ந்து மணிச்சரத்தைத் தட்டிக்கொண்டே பொழுது போக்குகிறார்கள். 2017-ஆம் வருஷத்தில் மூன்று இறக்கை கொண்ட ‘ஸ்பின்னர்’ என்னும் விளையாட்டுப் பொருள் உலகமெங்கும் வாலிபர் விரல்களில் சுழன்றது. பித்தளையிலும் எஃகிலும் செய்த சுழலிகளும் ஞாபகார்த்தக் காசுகளும் இன்று பலருடைய சட்டைப்பையில் நிரந்தர வாசம் செய்கின்றன. இதைக் குற்றமென்று சொல்ல நாம் முன்வரவில்லை. விரல் எதை ஓயாமல் தடவுகிறதோ அதை மனம் நம்பத் தொடங்குகிறது என்பதே நமது கவலை.

சில நாட்களுக்கு முன் திருப்பாதிரிப்புலியூரில் ரெயிலேறிச் சிதம்பரம் போய்க்கொண்டிருந்தோம். எதிரே ஒரு மாணவர் இரும்புச் சுழலியைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் நடுவயதுக் குடியானவர் ஒருவர் மஞ்சள் நிறக் காசு ஒன்றைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே வந்தார். பரங்கிப்பேட்டை தாண்டியதும் அவரே பேச்சுக் கொடுத்தார்.

“ஐயா வக்கீல் என்று கேள்விப்பட்டேன். இந்தக் காசு என்ன பெறும் என்று பார்த்துச் சொல்லுங்கள்.”

வாங்கிப் பார்த்தோம். ஒரு புறம் ஸ்ரீராமர் பட்டாபிஷேகம். மறு புறம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர், ஓர் அணா, 1818. இதை 8,000 ரூபாய் கொடுத்து வாங்கினாராம். 12 லட்சத்துக்கு எடுத்துக்கொள்வதாகக் கைப்பேசியில் ஒருவர் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் ‘வரி’ என்று 15,000 ரூபாய் அனுப்ப வேண்டுமாம். மனைவியின் தோட்டை அடகு வைக்கத்தான் அவர் சிதம்பரம் போகிறார்!

இந்தக் காசைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரிப்போம். 1818-ஆம் வருஷத்திலேதான் சென்னை ராஜதானியில் வராகன் கணக்கை விட்டு ரூபாய்க் கணக்குக்கு மாறினார்கள். அதுவரை 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்பதே நம் பக்கத்துக் கணக்கு. ராமர் பட்டாபிஷேகம் பொறித்த அணாக் காசு எதையும் கம்பெனியார் அந்த வருஷத்திலும் வெளியிடவில்லை, வேறெந்த வருஷத்திலும் வெளியிடவில்லை. இதே மாதிரிக் காசுகளில் சில 1616 என்ற வருஷத்தைக்கூடத் தாங்கி வருகின்றன. 1616-இல் கம்பெனிக்கு நம் கரையில் ஒரு கோட்டையேனும் உண்டா? சென்னைப்பட்டணத்தில் அவர்கள் கால் ஊன்றியதே 1639-இல்தான்.

பின் இவை யாவை? யாத்ரீகர்கள் பூஜையறையில் வைத்துக்கொள்வதற்காகச் செய்யப்படும் வில்லைகள். ‘ராமடங்கம்’ என்ற பெயரில் இவ்வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. பக்தியோடு வைத்துக்கொண்டால் அதில் ஒரு பழுதும் இல்லை. சில ரூபாய் பெறும் வில்லையைப் புதையல் என்று சொல்லி விற்பதே மோசடி.

மோசடிக்காரர் கம்பெனியின் பெயரைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு தந்திரம் உண்டு. சுவாமி உருவத்தைக் கம்பெனியார் பொறித்தது மெய்யே. மூன்று சுவாமி வராகனும், கோபுரம் பொறித்த வராகனும் அவர்களுடைய நாணயங்களே. பக்தியால் அல்ல, ஜனங்கள் மறுக்காமல் வாங்கவேண்டும் என்ற வியாபார யுக்தியால்! பொய் எப்போதும் ஒரு சிறு மெய்யின் தோளில் ஏறிக்கொண்டே ஊர்வலம் வருகிறது.

கம்பெனியின் உண்மையான முத்திரையைப் பார்க்க விரும்புகிறவர்கள் கடலூருக்கு வரட்டும். 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கிய கம்பெனியார், பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள கிராமங்களும் தமக்கே என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் அதற்குச் சாட்சி. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபோது கம்பெனிக்கு இந்தக் கடலூரே தலைமை ஸ்தானமாயிற்று. 1758-இல் லாலி அந்தக் கோட்டையைப் பிடித்து இடித்தான். குண்டு விழுந்த தூரத்தை எல்லையாக வைத்து நம் மண்ணை அளந்தவர்களின் பெயரை, மூன்று நூற்றாண்டுக்கு மேல் கழித்து, ஸ்ரீராமர் திருவுருவத்தோடு சேர்த்துச் சட்டைப்பையில் சுமப்பது என்ன விநோதம்!

மோசடி நடக்கும் விதம் எளியது. பழைய காசுக்கு லட்சக்கணக்கில் விலை தருவதாகச் சொல்லுவார்கள். பதிவுக் கட்டணம், கமிஷன், வரி என்று ஒவ்வொன்றாகப் பணம் பறிப்பார்கள். பிறகு மறைந்துவிடுவார்கள். தன் பெயரையும் சின்னத்தையும் வைத்து இவ்விதம் ஏமாற்றுவோரைப் பற்றி ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை விடுத்தது. பழைய காசுகளை வாங்கி விற்கும் விவகாரத்தில் தான் ஈடுபடவில்லை என்றும், எவ்விதக் கட்டணமும் கேட்பதில்லை என்றும் தெளிவாகக் கூறியது. ‘ரைஸ் புல்லிங்’ என்னும் வித்தை இதற்கு அண்ணன். செம்புக் காசோ பாத்திரமோ அரிசியை இழுக்கிறதாம்! அரிசிக்குள் இரும்புத் துணுக்கு, செம்புக்குள் காந்தம், ரகசியம் இவ்வளவே. இந்த வலையில் விழுந்தவர்களில் படித்தவர்களும் உண்டு என்பதை நினைக்க வெட்கமாயிருக்கிறது.

இதனினும் விசித்திரம் ஒன்று உண்டு. அன்றைக்கே சிதம்பரத்தில் ஒரு கடையில் 10 ரூபாய் நாணயம் கொடுத்தோம். “இது செல்லாதுங்க” என்று திருப்பித் தந்தார்கள். அதுவரை வெளியான 14 வகை 10 ரூபாய் நாணயங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. ஒரு ரூபாய்க்குக் குறையாத நாணயங்கள் 1,000 ரூபாய் வரையில் செல்லும் என்பது 2011-ஆம் வருஷத்து நாணயச் சட்டம். சுதந்திர இந்தியாவின் மெய்யான காசைச் செல்லாது என்று தள்ளுகிறோம். கம்பெனியின் பொய்யான காசுக்கு மனைவியின் தோட்டை அடகு வைக்கிறோம். கோட்டைகள் இடிந்தாலும் மனத்திலுள்ள அடிமைத்தனம் இடியவில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

ஞாபகார்த்தமாக ஒரு காசு வேண்டும் என்கிறீர்களா? தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010-இல் வெளியான 5 ரூபாய் நாணயம் இருக்கிறது. காமராஜர் நூற்றாண்டு நாணயம் இருக்கிறது. விரலுக்கு வேலை வேண்டும் என்கிறீர்களா? அதற்கும் நம் தேசத்தில் முன்மாதிரி உண்டு. காந்தியடிகள் தேசத்தின் கையில் கொடுத்த தக்ளி சட்டைப்பையில் அடங்கும், ரெயிலிலும் சுழலும், சுழன்று முடிந்ததும் கையில் நூல் மிஞ்சும். மகாத்மா தலைமை வகித்த 1924 பெல்காம் காங்கிரஸ், மாதம் 2,000 கெஜம் நூலையே அங்கத்தினர் சந்தாவாக விதித்தது. அந்த விதி நெடுநாள் நிலைக்கவில்லை. ஆயினும் சும்மா இருக்கும் கையைத் தேசத்தின் கையாக மாற்றலாம் என்று கண்ட அந்த யோசனை பழையதாகிவிடவில்லை. இன்று எல்லோரும் தக்ளி சுற்றவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சுழற்றி முடித்த பின் கையில் என்ன மிஞ்சுகிறது என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும் என்கிறோம்.

அந்தக் குடியானவரிடம் நாம் இவ்வளவும் சொல்லவில்லை. “மெய்யாக 12 லட்சம் கொடுக்கிறவன், அந்த 15,000 ரூபாயை அதிலேயே கழித்துக்கொண்டு மீதியைத் தரலாமே? அதை மட்டும் கேட்டுப் பாருங்கள்” என்றோம். சிதம்பரம் ஸ்டேஷனில் இறங்கியதும் அவர் கைப்பேசியில் அப்படியே கேட்டார். மறுபுறம் பேச்சு நின்றது. மறுபடி கூப்பிட்டார்; பதில் இல்லை. வெகுநேரம் நின்றவர், மடியிலிருந்த தோட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு, அடுத்த வண்டி எப்போது என்று விசாரித்தார்.

தமிழில் நாணயம் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. கையில் இருப்பது ஒன்று. நடத்தையில் இருப்பது மற்றொன்று. தேச ஊழியர்கள் தத்தம் ஊரில் வாரம் ஒரு நாள் சந்தையில் நின்று, 10 ரூபாய் நாணயம் செல்லும் என்றும், அணாக் காசுக்கு லட்சம் தருகிறவன் எத்தன் என்றும் ஜனங்களுக்கு எடுத்துச் சொன்னால், அந்த இரண்டு நாணயங்களும் ஒருங்கே காப்பாற்றப்படும்.