வராத புத்தகத்துக்கும் ஓர் இடம்

அமெரிக்காவில் புதிய புத்தகங்களும் திரைப்பட டிவிடிகளும் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில்தான் வெளியாகின்றன. நம் பக்கம் புதிதாக எதையும் தொடங்கத் தயங்குகிற நாள் அது. அங்கே சிற்றூர் நூலகங்களுக்கு அதுதான் புதுவரவு நாள். சில ஆயிரம் பேரே வசிக்கும் ஊர்களிலும் ஒரு பொது நூலகம் இருக்கும். வாசலுக்குப் பக்கத்தில் ஓர் அலமாரி நிறையப் புதிய நாவல்கள், இன்னொன்றில் சில மாதங்களுக்கு முன் திரையரங்கில் ஓடிய படங்கள். எடுத்துப்போகப் பணம் தர வேண்டியதில்லை. 1833-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் பீட்டர்பரோ என்ற சிற்றூரில் மக்கள் கூடி, வரிப்பணத்தில் ஒரு பங்கை எல்லோருக்குமான நூலகத்துக்கு ஒதுக்கினார்கள். வரியால் நடக்கும் இலவச நூலகம் அந்நாட்டில் அங்கிருந்துதான் தொடங்குகிறது. படங்களையும் சேர்த்து இரவல் தர முடிவதற்குக் காரணம் ஒரு சட்ட நெறி: ஒரு பிரதியை விற்றுவிட்டால், அந்தப் பிரதியின் மேல் விற்றவருக்கு இருந்த பிடி போய்விடுகிறது. 1908-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு புத்தக வழக்கில் சொன்னது இது.

அட்டைப்பெட்டி வந்து இறங்கும் நேரத்துக்கும் புத்தகம் அலமாரிக்குப் போகும் நேரத்துக்கும் இடையில் ஒரு மேசை இருக்கிறது. அந்த மேசையில் நடப்பவை ஸ்கேனர் காட்டுவது, சீட்டு ஒட்டுவது, துடைப்பது என்று மிகச் சாதாரணமாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் அடியில் நல்ல கணிதம் இருக்கிறது. மனிதர் தவறு செய்வார், பொருள் தேயும், இதுவரை யாரும் நினைக்காத ஒன்று நாளை வந்து சேரும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்தவர்களின் கணிதம் அது.

முதலில் பின்னட்டை. அங்கே பட்டைக்குறியீட்டுக்கு மேலே 13 இலக்கங்கள் இருக்கும்: ஐஎஸ்பிஎன் என்ற பன்னாட்டுப் புத்தக எண். 1960-களின் நடுவில் ஒரு பிரிட்டிஷ் புத்தக விற்பனை நிறுவனம் தன் கிடங்கைக் கணினிமயமாக்க விரும்பியபோது, புள்ளியியல் பேராசிரியர் கோர்டன் ஃபாஸ்டர் வகுத்துத் தந்த ஒன்பது இலக்க எண்ணிலிருந்து வளர்ந்தது இது. 1970-இல் பன்னாட்டுத் தரமாகி 10 இலக்கமும், 2007 முதல் 13 இலக்கமும் ஆயிற்று. இந்தியப் புத்தகங்களில் 978-க்கு அடுத்து 81 அல்லது 93 வருவதைப் பார்த்திருப்பீர்கள்.

இந்த 13-இல் கடைசி இலக்கம் எந்தத் தகவலையும் சொல்வதில்லை. மற்ற 12-க்கும் காவல் நிற்பதுதான் அதன் வேலை. எடுத்துக்காட்டாக அடிக்கடி காட்டப்படும் ஓர் எண்: 978-0-306-40615-7. முதல் 12 இலக்கங்களை மாறிமாறி 1-ஆலும் 3-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 93 வரும். அடுத்த முழுப் பத்தான 100-ஐத் தொட 7 வேண்டும். அதனால் கடைசி இலக்கம் 7. தட்டச்சு செய்பவர் எங்காவது ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தால் கூட்டுத்தொகை பத்தின் மடங்காக வராது, கணினி உடனே மறுத்துவிடும். ஒன்று முதல் ஒன்பது வரை எந்த எண்ணையும் மூன்றால் பெருக்கிப் பாருங்கள், பூச்சியத்தில் முடியவே முடியாது. எந்த ஒற்றை இலக்கப் பிழையும் தப்பாததற்கு இதுதான் காரணம். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி அடிப்பதையும் இது பெரும்பாலும் பிடிக்கும். ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 5 என்றால் விட்டுவிடும். மேலே உள்ள எண்ணிலேயே 6-ஐயும் 1-ஐயும் மாற்றிப் போட்டுக் கூட்டிப் பாருங்கள்: 100-க்குப் பதில் 90 வரும், அதுவும் முழுப் பத்துதான். பழைய 10 இலக்க முறை பதினொன்றை அடிப்படையாகக் கொண்டது. அதில் இந்த ஓட்டை கிடையாது. உலகக் கடைகளின் பட்டைக்குறியீட்டோடு இணைவதற்காகப் புத்தக உலகம் அந்த நுட்பத்தை விட்டுக்கொடுத்தது. எனக்கு அது இழப்பாகவே படுகிறது.

அடுத்து டிவிடி. சிற்றூர் நூலகத்தில் மிகக் கடுமையான வாழ்க்கை வாழ்வது இதுதான். புத்தகம் மடங்கினாலும் கறைபட்டாலும் படிக்கலாம். டிவிடியில் எழுதியிருப்பது கண்ணுக்கே தெரியாது. 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பாலிகார்பனேட் தகடுகள் ஒட்டிய வட்டு அது. தரவு இருப்பது நடுவே. உள்ளிருந்து வெளியே சுருளும் ஒரே தடத்தில் நுண்ணிய குழிகள். மிகச் சிறிய குழியின் நீளம் 0.4 மைக்ரோமீட்டர். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர்தான். தலைமுடி ஒன்றின் அகலத்துக்குள் நூறு சுற்றுகள் அடங்கிவிடும். அந்தச் சுருளைப் பிரித்து நீட்டினால் சுமார் 12 கிலோமீட்டர் போகும். வட்டு நிமிடத்துக்குப் பல நூறு முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் வரை சுழல, சிவப்பு லேசர் அந்தத் தடத்தைத் தவறாமல் பின்தொடர்கிறது. நூலகங்கள் வட்டின் மேல் சதுரச் சீட்டு ஒட்டாமல் நடுத்துளையைச் சுற்றி வளையச் சீட்டு ஒட்டுவது இதனால்தான். ஒரு பக்கமாக ஒட்டிய சிறு காகிதமும் அந்த வேகத்தில் வட்டைத் தள்ளாட வைக்கும்.

இத்தனை நுண்மையான எழுத்தின் மேல், இரவல் வாங்கிய ஐம்பது வீடுகளின் கைரேகையும் கீறலும் தூசியும் படிகின்றன. ஆனாலும் படம் ஓடுகிறது. எப்படி?

ஒரு தாளில் இரண்டு புள்ளிகள் வைத்தால், இரண்டையும் தொட்டுச் செல்லும் நேர்கோடு ஒன்றே ஒன்றுதான். நான் உங்களுக்கு இரண்டு எண்களை அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவற்றை இரண்டு புள்ளிகளாக்கிக் கோடு இழுக்கிறேன். அதே கோட்டின் மேல் இன்னும் இரண்டு புள்ளிகளைக் குறித்து, நான்கையும் அனுப்பிவிடுகிறேன். வழியில் ஒரு புள்ளி கெட்டு இடம் மாறிவிட்டது. நீங்கள் பார்க்கும்போது மூன்று புள்ளிகள் ஒரு கோட்டில் இருக்கின்றன, ஒன்று மட்டும் விலகி நிற்கிறது. கெட்டது எது என்று தெரிந்துவிட்டது. அது எங்கே இருந்திருக்க வேண்டும் என்பதையும் கோடே சொல்லிவிடும். யாரையும் திரும்பக் கேட்காமல், கெட்டுப்போன செய்தி முழுதாகக் கிடைத்துவிட்டது.

இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இருவர் 1960-இல் ஐந்தே பக்கக் கட்டுரையில் வெளியிட்ட எண்ணத்தின் சாரம் இதுதான். நேர்கோட்டுக்குப் பதில் அவர்கள் உயர்படிப் பல்லுறுப்புக் கோவைகளை எடுத்துக்கொண்டார்கள். அதை நடைமுறையில் வேகமாகக் கணக்கிடும் கருவிகள் அப்போது இல்லை. பின்னால் யுரேனஸ், நெப்டியூன் கோள்களிலிருந்து வாயேஜர் 2 அனுப்பிய படங்கள் இந்தக் கணிதத்தின் துணையோடுதான் வந்து சேர்ந்தன. டிவிடியில் தரவு 192 வரிசைகள் கொண்ட கட்டமாக அடுக்கப்படுகிறது. ஒவ்வொரு வரிசையிலும் 172 பைட்டுகள். அதன் முடிவில் 10 காவல் பைட்டுகள். கட்டத்தின் அடியில் 16 காவல் வரிசைகள். கிடைமட்டமாக ஒரு சோதனை, செங்குத்தாக ஒரு சோதனை. ஆக, அந்தக் கட்டத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு படமே அல்ல, இனி விழப்போகும் கீறலுக்காக எழுதிவைத்த மாற்று. டீக்கடைக் கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை ஓரம் கிழிந்த பிறகும் பணம் போகிறதே, அங்கேயும் வேலை செய்வது ரீடும் சாலமனும்தான்.

நூலகப் பணியாளர்கள் வட்டை நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைப்பதற்கும் இங்கே விளக்கம் இருக்கிறது. குறுக்காக விழும் கீறல் ஒவ்வொரு சுற்றையும் ஒரு நொடிப்பொழுது மட்டும் வெட்டிக் கடக்கிறது. அந்தச் சிறிய இழப்பைக் காவல் எண்கள் மீட்டுவிடும். வட்டமாகத் துடைக்கும்போது கீறல் தடத்தின் நெடுகிலும் விழுந்தால், அடுத்தடுத்த தரவு மொத்தமாகப் போய்விடும். நான்கு புள்ளிகளில் மூன்று கெட்டால் எந்தக் கோட்டைத் தேடுவது? வீட்டில் பழைய கல்யாண டிவிடி வைத்திருப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

ஸ்கேன் ஆயிற்று, துடைத்தாயிற்று. இனி இதை எங்கே வைப்பது? அந்த மேசையில் எழும் கேள்விகளில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

பழைய நூலகங்களில் புத்தகத்தின் எண் என்பது அலமாரியின் முகவரி: இத்தனையாவது அலமாரி, இத்தனையாவது தட்டு, இத்தனையாவது புத்தகம். புதியது எது வந்தாலும் கடைசியில்தான் போக வேண்டும், அல்லது எல்லாவற்றையும் பெயர்த்துப் புதிதாக எண்ணிட வேண்டும். அதாவது, நூலகம் வளர வளர ஒழுங்கு குலைந்தது. அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த மெல்வில் டூயி, 1876-இல் 44 பக்கச் சிறு நூலில் மாற்றுவழி சொன்னார். எண்ணைத் தட்டுக்குக் கொடுக்காதே, பொருளுக்குக் கொடு, தசமமாகக் கொடு. அறிவு முழுவதும் 000 முதல் 999 வரை. மேலும் நுணுக்கம் வேண்டுமா, புள்ளி வைத்துத் தொடரலாம்.

தசமத்தின் அழகு என்னவென்றால், எந்த இரண்டு எண்களுக்கும் நடுவே எப்போதும் இடம் உண்டு. 791.4-க்கும் 791.5-க்கும் இடையில் எத்தனை எண்கள் என்று கேட்டால் விடை முடிவிலி. டூயியின் நூல் வந்து 19 ஆண்டுகள் கழித்து, 1895 டிசம்பரில் பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிப் படம் காட்டினார்கள். டூயியின் பட்டியலில் இல்லாத ஒரு கலை பிறந்துவிட்டது. யாரையும் நகர்த்தாமல், எந்த அலமாரியையும் கலைக்காமல், சினிமா 791.43-இல் போய் உட்கார்ந்தது. வானொலிக்கு 791.44, தொலைக்காட்சிக்கு 791.45. பக்கத்திலேயே 791.5, பொம்மலாட்டம். கணினி வந்தபோதும் அப்படியே. 000 வரிசையில் 004, 005, 006 என்று இடம் கிடைத்தது. கதைப் படங்களைப் பல சிற்றூர் நூலகங்கள் வாசகர் வசதிக்காகத் தலைப்பின் அகரவரிசையில்தான் அடுக்குகின்றன. ஆவணப்படங்கள் டூயி எண்ணோடு அந்தந்தப் பொருளுக்குரிய புத்தகங்களை ஒட்டி நிற்பதும் உண்டு.

முடிவிலி இடமிருந்தும் டூயி அதைச் சமமாகப் பங்கிடவில்லை. அமெரிக்க இலக்கியத்துக்கு 810, மூன்றே இலக்கம். தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. ஈராயிரம் ஆண்டு இலக்கியம், ‘பிற மொழிகள்’ என்ற கடைசிப் பெட்டிக்குள், திராவிட மொழிகள் என்ற உள்பெட்டிக்குள், ஆறு இலக்கத்தில் அடங்கியிருக்கிறது. டூயி முறையைப் பின்பற்றும் நூலகங்களில் நம் நூல்களின் முதுகில் இன்றும் அந்த எண்தான் இருக்கிறது. இது இடப்பற்றாக்குறையால் வந்ததல்ல, 1876-இல் ஒரு கல்லூரியிலிருந்து பார்த்தபோது உலகம் எப்படித் தெரிந்ததோ அப்படி வந்தது.

இதற்கு விடை சொன்னவர் சீர்காழியில் 1892-இல் பிறந்தவர். எஸ். ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகி, பயிற்சிக்கு லண்டன் போனார். அங்கே ஒரு கடையில் மெக்கானோ என்ற பொம்மைப் பெட்டியைக் கண்டார்: துளையிட்ட சில பட்டைகள், சக்கரங்கள், திருகுகள், அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் பாரந்தூக்கியும் ஆகும், வண்டியும் ஆகும். அறிவையும் இப்படிப் பூட்டினால் என்ன? 1933-இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு முறை, தலைப்புகளை முன்கூட்டிப் பட்டியலிடுவதில்லை. உறுப்புகளை மட்டும் தருகிறது. மருத்துவத்துக்கு ஆங்கில எழுத்து எல், நுரையீரலுக்கு 45, காசநோய்க்கு 421, சிகிச்சைக்கு 6, எக்ஸ் கதிருக்கு 253, இந்தியாவுக்கு 44. இவற்றைக் கோர்த்தால், இந்தியாவில் நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ் கதிர்ச் சிகிச்சை பற்றி நாளை யாராவது எழுதப்போகும் நூலுக்கு இன்றே முகவரி தயார். இலக்கியத்தில் எழுத்தாளரின் பிறந்த ஆண்டே எண்ணாகிறது. பாரதி 1882 என்பதால் எம்82. இந்த முறையில் ஆங்கில மொழிக்கு எண் 111. தமிழுக்கு 31.

உலகம் அவருடைய குறியீட்டைப் பரவலாக ஏற்கவில்லை. எண்கள் நீண்டன, நிறுத்தற்குறிகள் மிகுந்தன. ஆனால் ஒரு பொருளை அதன் கூறுகளாகப் பிரித்துத் தேடலாம் என்ற எண்ணம் எங்கும் பரவிவிட்டது. இணையக் கடையில் விலை, நிறம், அளவு என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்து சட்டை தேடும்போது நாம் பயன்படுத்துவது அந்த வழியைத்தான்.

சட்டத்துக்கும் அவர் உழைத்தார். 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவது. அதன் வழியில் இன்று தமிழ்நாட்டில் சொத்து வரியின் ஒவ்வொரு ரூபாயோடும் 10 காசு நூலக வரியாக வசூலாகிறது. உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு வரும் புதிய நூல்களில் பல அந்தக் காசில் வருபவை. ஒரு நாள் போய்ப் புதுவரவு எவை என்று கேளுங்கள். நீங்கள் தேடும் நூல் அங்கே இல்லையென்றால் அதன் பெயரை எழுதி நூலகரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.