தபால் தலையும் இடுக்கியும்

காந்தியடிகளின் உருவம் தாங்கி 1948ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் வெளிவந்த தபால் தலைகள் நான்கு. சுவிட்சர்லாந்தில் அச்சானவை. அவற்றுள் ஒன்றரை அணாத் தலையொன்று, முத்திரை படாதது, என்னிடம் உண்டு. மாணவ நண்பர்களே, அதன் பின்புறப் பசையில் என் பெருவிரல் ரேகை அப்படியே பதிந்து கிடக்கிறது! வியர்வையின் ஈரம் பசையை இளக்கிய வினை அது.

பின்னர் விரலை விலக்கி, வீட்டிலிருந்த முள்வாங்கியை எடுத்தேன். முள் வழுவாதிருக்க அதன் உட்புறத்தில் வரிவரியாக வெட்டியிருந்தார்கள். அவ்வரிகள் அடுத்த தலையில் அழுந்தின.

ஆகவே, தபால் தலைக்கென்றே செய்த, உட்புறம் வழவழப்பான, துருப்பிடிக்காத எஃகு இடுக்கியையே தேடுங்கள். விலையைவிட முனையே முக்கியம். கூர்முனை தேர்ந்த கைக்குரியது. சற்றுத் தவறினால் தாளைத் துளைத்துவிடும். புதிதாகத் தொடங்குவோருக்கு மண்வெட்டியின் இலைபோல் அகன்று மெலிந்த முனை ஏற்றது. தலையின் அடியில் எளிதாக நுழையும். வாங்குமுன் முனைகளைச் சேர்த்து வெளிச்சத்தில் பாருங்கள், இடைவெளி தெரியலாகாது. மெல்லிய பட்டுத்துணியில் முனையை இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் பிசிர் உண்டென்று பொருள். வில்விசை கடினமாயிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். விரல் விரைவில் ஓய்ந்து, பிடி தானே இறுகும்.

பிடிக்கும்போது ஓரப்பற்களை மட்டும் பற்றாமல், முனையைச் சற்று உள்ளே செலுத்திப் பிடியுங்கள். முதலில் பழைய உறைகளில் வந்த மலிவான தலைகளில் ஒரு வாரம் பழகுங்கள். காந்தித் தலை காத்திருக்கும்.